வாழ்த்துகள் சேர், எந்தக் கட்டுரை?

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருஷாவருஷம் வரும் விஞ்ஞானிகள் பட்டியல் வெளிவந்தால் போதும், எங்கட பக்கத்து முகநூல் முழுக்க வாழ்த்துப் படங்கள்தான். கோட் போட்ட ஒருவர், பின்னால் உலக உருண்டை, மேலே ‘உலகின் முதல் 2 வீத விஞ்ஞானிகளில் நம்மவர்’. கீழே வரிசையாக ‘வாழ்த்துகள் சேர்’. நானும் போடுவதுண்டு. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள எங்கட கிழக்கிலங்கைப் பல்கலைக்கழகங்களில் இருந்துகொண்டு அந்தப் பட்டியலுக்குள் நுழைவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால், ‘சேர், நீங்கள் என்ன கண்டுபிடித்தீங்க?’ என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் பட்டியல் எண்ணுவது மேற்கோள்களை. ஒருவரின் கட்டுரையை மற்றவர்கள் எத்தனை தரம் சுட்டியிருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. ஆய்வாளர்களை அளக்கும் எச்-இன்டெக்ஸ் என்ற எண்ணும் அதே வழிதான். 2005இல் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் சொன்னது: 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 தரம் சுட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் 20. கட்டுரைக்குள் என்ன இருக்கிறது என்று அது பார்க்காது. புற்றுநோய் பற்றி எழுதினால் சுட்டுவதற்கு உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. எங்கட வயல் மண்ணில் இருக்கும் பற்றீரியாவைப் பற்றி எழுதினால் யார் சுட்டுவது?

வயல் மண் என்று சும்மா சொல்லவில்லை. மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பற்றீரியா; காலில் உள்ள காயத்தால் போகும், மாரியில் மூச்சோடும் போகும். சலரோகம் (நீரிழிவு) உள்ளவர்களைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். காய்ச்சல், நிமோனியா, ஈரலில் சீழ்க்கட்டி என்று பல வேஷம் போடும். காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்த கதைகளும் உண்டு. இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927இல். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். நோய் எங்கேயும் போகவில்லை, ஆய்வுகூடங்களுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. தேடத் தொடங்கிய பிறகு கிழக்கு உட்பட நாட்டின் பல பக்கங்களிலும் அகப்பட்டது.

ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் முதல் நாள் இந்தப் பற்றீரியா சாதாரணமாகத்தான் இருக்கும். மூன்று நாலு நாள் வைத்துப் பார்த்தால் காய்ந்து சுருங்கிய தோல் மாதிரி ஆகும். ஜென்டமைசின், கொலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்து வில்லைகளை வைத்தால், அவை வேலை செய்யாமல், அவற்றின் ஓரம் வரை வளரும். கோ-அமொக்ஸிகிளாவ் மருந்து வில்லையைச் சுற்றி மட்டும் பற்றீரியா வளராத தெளிவான வட்டம் விழும். இதைத் தெரிந்தவர் ‘ஏதோ சூடோமோனாஸ்’ (வழக்கமாக அகப்படும் ஒரு பற்றீரியா வகை) என்று தட்டைத் தூக்கிப் போடமாட்டார், வார்டுக்குப் போன் எடுப்பார். செப்டாசிடிம், மெரோபெனம் என்ற மருந்துகளில் ஒன்றை நாளத்தால் குறைந்தது பத்து நாளாவது ஏற்றவேண்டும், பிறகு மாதக்கணக்கில் கோ-ட்ரைமொக்ஸசோல் மருந்து. வழக்கமான மருந்தோடு விட்டால் ஆள் தப்புவது கஷ்டம். அந்தப் போன் அழைப்பை எந்த மேற்கோள் கணக்கும் எண்ணாது.

அதற்காக, கட்டுரை எழுதாமல் இருப்பவர்கள் இதைச் சாட்டாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஒரு நோயாளி, இரண்டு நோயாளி என்று யாரோ எழுதி வைத்ததால்தான் மற்ற ஆய்வுகூடங்கள் தேடத் தொடங்கின. எழுதப்படாத நோயை யாரும் தேடமாட்டார்கள்.

இந்த நோயை முதலில் விவரித்த கட்டுரை 1912இல், ரங்கூனில் நடந்த வேலையிலிருந்து வந்தது. எழுதியவர்கள் இருவர்: விட்மோர், கிருஷ்ணசாமி. பிறகு நோய்க்கு வைத்த பெயர் ‘விட்மோர் நோய்’. கிருஷ்ணசாமியை எத்தனை பேருக்குத் தெரியும்? இன்றைக்குப் பன்னிரண்டு பேர் போட்ட கட்டுரைகளில் ஆய்வுகூடத்தில் வளர்ப்புத் தட்டு ஊற்றிய பிள்ளையின் பெயர் எத்தனையாவதாக வருகிறது, வருகிறதா என்றே பார்க்கவேண்டும்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. பெரும்போக நெற்செய்கைக்கு முன்னால் விவசாயிகளோடு நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி, விதைக்கும் திகதி, மாடு அகற்றும் திகதி எல்லாம் பேசுவார்கள். எங்கட நுண்ணுயிரியலாளர் ஒருவருக்கு அங்கே பத்து நிமிடம் கொடுத்தால் போதும். சலரோகக்காரர் காலில் புண்ணோடு சேற்றில் இறங்கவேண்டாம், காய்ச்சல் விடாவிட்டால் டொக்டரிடம் ‘நான் வயல் வேலை செய்கிறவன்’ என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். இவ்வளவையும் வட்டை விதானைக்கு (வயல்களையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்கிறவர்) விளங்குகிற தமிழில் சொன்னால் சரி. பதவி உயர்வுப் புள்ளிகளைக் கூட்டுகிறவர்கள் அந்தப் பத்து நிமிடத்துக்கும் ஏதாவது போட்டுக்கொடுங்கள்.