இலவசக் குளிசைக்கு எதுக்குக் காசு சேர்க்க வைக்கிறீங்க?

ஆபிரிக்காவுக்கு வேலைக்குப் போற பொடியனுக்கு மலேரியாத் தடுப்புக் குளிசை வாங்க உதவி கேட்கிறதைப் பார்த்தா வயிறு எரியுது. அந்தக் குளிசை இலங்கையில இலவசம்! குடுக்கிறது சுகாதார அமைச்சின்ர மலேரியாத் தடை இயக்கம். கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை பிராந்திய மலேரியா அலுவலகங்களில பாஸ்போட்டையும் பயண விபரத்தையும் காட்டிக் கேளுங்க. "மருந்துச் செலவு" எண்டு காசு கறக்கிற ஏஜென்சிக்காரருக்கு இது தெரியாதா?

டிக்கெட்டையும் ஏஜென்சிக்காரர் கடைசி நேரத்திலதான் குடுக்கிறாங்க. ஆனா தடுப்புக் குளிசைக்கு நாள் வேணும். ஒரு வகை மெஃப்ளோகுயின் 250 மில்லிகிராம், கிழமைக்கு ஒண்டு. புறப்பட ரெண்டு கிழமைக்கு முன்னமே தொடங்க வேணும். உடம்புக்கு ஒத்துவருதா எண்டு தெரியிறதும் அப்பதான். வலிப்போ மனநோயோ இருந்தவருக்கு அது கூடாது. நாள் இல்லாட்டி மற்ற வகை, டொக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் ஒண்டு, புறப்பட ஒரு நாளைக்கு முன்னம் தொடங்கினாலும் சரி. ஆனா கர்ப்பிணிக்கும் எட்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்கும் ஆகாது. எது யாருக்கு எண்டு டொக்டர்தான் சொல்ல வேணும், ஏஜென்சிக்காரர் இல்லை. ரெண்டையும் ஊர் திரும்பின பிறகும் நாலு கிழமை விடாமப் போட வேணும். கிருமி ஈரலில இருந்து பிந்தித்தான் இரத்தத்துக்கு இறங்கும். வீடு வந்தாச்சு எண்டு நிப்பாட்டிறதாலதான் பலருக்குக் காய்ச்சல் வருது.

அந்தக் காய்ச்சலுக்கு நடக்கிறது அதைவிட அநியாயம். பனடோல், அன்டிபயோட்டிக், தனியார் லாப்பில டெங்குப் பரிசோதனை, ரெண்டு நாளில திரும்பவும் டெங்குப் பரிசோதனை. "எந்த நாட்டுக்குப் போய் வந்தீங்க?" எண்டு ஒரு வார்த்தை கேட்க வாய் வராதா? 2016இல மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்ததோட அந்த நோயையே மறந்துட்டாங்க. மலேரியாவில கடுமையான ஃபல்சிபாரம் வகை எண்டா ஒரு நாள், ரெண்டு நாள் பிந்தினாலே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். மலேரியாவைக் கண்டுபிடிக்கிறது விரல் நுனியில குத்தி, கண்ணாடித் தட்டில பூசிப் பார்க்கிற இரத்தப் பரிசோதனை. அரசாங்க ஆஸ்பத்திரியில சதம் செலவில்லை. சிகிச்சைக் குளிசையும் அப்படித்தான்: சிக்கல் இல்லாத ஃபல்சிபாரத்துக்கு வளர்ந்தவருக்கு ஆர்ட்டிமீதர்-லூமிஃபான்ட்ரின் குளிசை மூண்டு நாளில 24, ஒரு வேளைக்கு நாலு, சாப்பாட்டோட.

இந்தியா போய் வந்தவங்களும் கவனிக்க வேணும். அங்க தொத்திற வைவக்ஸ் எண்ட இன்னொரு வகை மலேரியாக் கிருமி மாசக்கணக்கா ஈரலில கிடந்து பிறகு கிளம்பும். தடுப்புக் குளிசை ஒழுங்காப் போட்டவருக்கும் வரலாம். ஒரு வருசத்துக்குள்ள எந்தக் காய்ச்சல் எண்டாலும், கேட்காட்டியும், பயணத்தை நீங்களே சொல்லுங்க.

ஏஜென்சிக்காரரே, ஒப்பந்தத்தில கையெழுத்து வாங்கிற அண்டைக்கே ஆளை மலேரியா அலுவலகத்துக்கு அனுப்புங்க. அதுக்கு உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை.