எளிதில் கழற்றக்கூடியது வேறு, தானாகக் கழல்வது வேறு

"கையால் திருகிக் கழற்றும் பூட்டை விமான எலெக்ட்ரானிக்ஸ் பெட்டியில் நம்ப முடியாது, போல்ட்டுக்கு ஸ்ப்ரிங் வாஷர் போட்டு நன்றாக முறுக்கினால் அதிர்வு ஒன்றும் செய்யாது" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும் அண்ணா, இரண்டுமே சரியில்லை. சிங்கப்பூரின் சிலேத்தாரில் இந்தப் பெட்டிகளைத் தினமும் மாட்டிக் கழற்றும் வேலை எனக்கு. புதிதாக வரும் தம்பிகள் இதை நம்பிவிடக் கூடாது.

போல்ட்டைக் கழற்றுவது பெரும்பாலும் பக்கவாட்டு அசைவுதான். இறுக்கிய பரப்புகள் நூலளவு வழுக்கினாலும் மரை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சுழலும். ஜெர்மனியப் பொறியாளர் யுங்கர் 1969லேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார். ஸ்ப்ரிங் வாஷரோ, முழுதாக இறுக்கியதும் தட்டையாகிச் சாதாரண வாஷர் ஆகிவிடும்.

கையால் திருகும் நல்ல விரைவுப் பூட்டில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. முன்பக்கக் குமிழைத் திருகும்போது பெட்டி பின்பக்க ஊசிகளோடு அழுந்தி, ஆட இடமில்லாமல் உட்காருகிறது. அப்புறம் குமிழ் பின்னால் சுழலாமல் ராட்செட் பற்கள், அதாவது ஒரு பக்கம் மட்டும் எளிதாகச் சுழலவிடும் பற்கள், பிடித்துக்கொள்கின்றன. இறுக்கம் ஒன்று, பூட்டு இன்னொன்று.

விமான மின்கம்பிகளை இணைக்கும் 38999 மூன்றாம் வரிசைக் கனெக்டரும் இப்படித்தான். மூன்று இடங்களில் தொடங்கும் மரை, ஒரே சுற்றில் முழுதாக இணையும், திரும்பாமல் ராட்செட் தடுக்கும். ஆனால் அரைகுறையாக மாட்டினால் எந்தப் பூட்டும் நிற்காது. அதற்காகத்தான் அதில் சிவப்புக் கோடு இருக்கிறது. அது கண்ணில் பட்டால் இன்னும் முழுதாக இணையவில்லை, மேலும் இறுக்கித் திருகுங்கள்.