பிஎஸ்5ஆ பிசியான்னு கேட்டுக்கிட்டே இருக்குற தம்பிகளுக்கு

தீபாவளி போனஸ் வந்தா போதும், அதே கேள்வி ஆரம்பிச்சிரும். அண்ணா கையில 55 ஆயிரம் இருக்கு, சோனியோட பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் பொட்டி எடுத்துரவா இல்ல பார்ட்ஸ் வாங்கி கம்ப்யூட்டர் (பிசி) பில்ட் பண்ணவா? ஒவ்வொருத்தனுக்கும் தனியா டைப் பண்ணி முடியல, அதான் மொத்தமா இங்கயே எழுதிடுறேன். என் பதில் பிசி. ஆனா நீங்க யூட்யூப்ல கேட்ட காரணம் எதுவும் என் காரணம் இல்ல.

கிராபிக்ஸ், 4கே, ரே ட்ரேசிங் (நெஜம் மாதிரி வெளிச்சம் நிழல் காட்டுறது), 144 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம் ஓடுதுங்குற கணக்கு)னு பேச ஆரம்பிச்சா கன்சோல்காரன் (டிவில மாட்டி ஆடுற கேம் பொட்டி வச்சிருக்கறவன்) தான் ஜெயிப்பான், முதல்லயே சொல்லிடுறேன். 55 ஆயிரத்துக்கு பிஎஸ்5 காட்டுற படத்த அதே காசுக்கு புதுசா கட்டுற பிசி காட்டாது. அதுவும் 2025 கடைசில இருந்து ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரி சிப்ப எல்லாம் மொத்தமா அள்ளிட்டு போறதால ராம் விலை எங்கயோ போயிருச்சு, இந்த நேரத்துல பிசி சீப்புன்னு எவனாச்சும் சொன்னா அவன் கடை வச்சிருக்கான்னு அர்த்தம். சோ, அந்த பஞ்சாயத்தே வேணாம்.

என் பஞ்சாயத்து வேற. முதல் நாள் பில்ல மட்டும் பாத்துட்டு கன்சோல் லாபம்னு முடிவு பண்றீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. கன்சோல் பண்றவனுக்கு லாபம் அந்த பொட்டியில பெருசா இல்ல, அதுக்கப்புறம் நீ வாங்குற ஒவ்வொரு கேம்லயும் இருக்கு. புது பெரிய கேம் ஒண்ணு நாலாயிரம் அஞ்சாயிரம். சரி வாங்கிட்ட, ஃப்ரெண்ட்ஸோட ஆன்லைன்ல ஆடணும்னா அதுக்கு பிஎஸ் ப்ளஸ் சந்தா தனி, 2013ல பிஎஸ்4 வந்ததுல இருந்து இதான் கதை. ஃபோர்ட்நைட் மாதிரி ஃப்ரீ கேமுக்கு சந்தா வேணாமாம், காசு குடுத்து வாங்குன கேமுக்குத்தான் வேணுமாம்! கேமுக்கும் காசு குடுத்து, நெட்டுக்கும் மாசம் காசு கட்டி, அப்புறம் அந்த நெட்டுல அந்த கேம ஆடுறதுக்கு மறுபடியும் காசு. பிசில இந்த பேச்சே கிடையாது.

அப்புறம் கடை. பிசி கேம ஆன்லைன்ல விக்கிற பெரிய கடை ஸ்டீம், அவனும் 30 சதவீதம் கமிஷன் அடிக்கிறவன் தான், அவன் ஒண்ணும் தர்ம சத்திரம் நடத்தல. ஆனா பிசில அவன் மட்டும் கடை போடல, எபிக் இருக்கு, ஜிஓஜி இருக்கு, மைக்ரோசாஃப்ட் கடை இருக்கு, ஒருத்தன் விலை ஏத்துனா இன்னொருத்தன் கிட்ட போலாம். டிஸ்க் இல்லாத பிஎஸ்5 வாங்குனா உனக்கு ஒரே ஒரு கடை, அவன் வச்சது தான் விலை, அவன் போட்டாத்தான் தள்ளுபடி. ஸ்டீம் 2015லயே ரூபாயில விலை போட ஆரம்பிச்சிட்டான், அதே வருஷம் ரீஃபண்டும் கொண்டு வந்தான், வாங்கி 14 நாளைக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கும் கம்மியா ஆடிருந்தா காரணம் பெருசா கேக்காம காசு திரும்ப வந்துரும். எபிக்காரன் 2018 டிசம்பர்ல கடைய தொறந்து கூட்டம் சேக்குறதுக்காக ஃப்ரீயா கேம் குடுக்க ஆரம்பிச்சவன், இன்னும் வாராவாரம் குடுத்துக்கிட்டு இருக்கான். 2020 மே மாசம், லாக்டவுன்ல எல்லாரும் வீட்ல முடங்கி கெடந்தப்போ ஜிடிஏ 5யவே ஃப்ரீயா குடுத்தான், கூட்டம் தாங்காம அவன் சைட்டே படுத்துருச்சு. 90 ஜிபிக்கு மேல வர்ற கேம மொபைல் ஹாட்ஸ்பாட்ல தினம் கொஞ்சம் கொஞ்சமா இறக்குனவங்க எல்லாம் இத படிச்சிட்டு இருப்பீங்கன்னு தெரியும்.

ஆனா காசு கூட ரெண்டாவது தான். எனக்கு பிசி ஏன் பிடிக்கும்னா வாங்குன கேம என் இஷ்டத்துக்கு ஒடச்சு மாத்திக்கலாம். யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2ன்னு ஒரு கேம், செக் நாட்டுல ப்ராக் நகரத்துல இருக்குற எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர்ங்குற கம்பெனி 2012ல விட்டது. ஐரோப்பா ரோட்டுல லாரி ஓட்டணும், அவ்ளோதான் கேம். அத எடுத்து நம்ம ஊரு பசங்க பண்ணிருக்கறத பாத்தீங்களா? அரசு பஸ், ஆம்னி பஸ், அசோக் லேலாண்ட் பாடி, முன்னாடி கண்ணாடியில சாமி பேரு, டிரைவர் சீட்டுக்கு மேல மாலை, டிஎன் நம்பர் பிளேட்டு, எல்லாத்துக்கும் மேல அந்த ஏர் ஹாரன்! ஜெர்மனி ஆட்டோபான்ல நம்ம ஊர் பஸ்ஸு ஹாரன் அடிச்சிக்கிட்டே ஓவர்டேக் எடுக்குது, இத பாக்குறதுக்குன்னே யூட்யூப்ல ஒரு கூட்டம் உக்காந்திருக்கு. இத பண்ணுனவன் எவனும் பெரிய ஸ்டூடியோல வேலை பாக்கல, நைட்டு உக்காந்து ப்ளெண்டர்ங்குற 3டி சாஃப்ட்வேர்ல பஸ் பாடி மாடல் பண்ற காலேஜ் பசங்க. ப்ளெண்டர் ஃப்ரீ, மோடும் (கேம மாத்துறதுக்கு இப்படி ஆடுறவங்களே பண்ற ஃபைல்) நெறைய ஃப்ரீயாவே கெடைக்குது, வேலை செஞ்ச அதே பிசில தான் கேமும் ஓடுது. பிளேஸ்டேஷன்ல இத எங்க போய் பண்ணுவ? ஸ்கைரிம், ஃபால்அவுட் 4ன்னு ரெண்டு கேமுக்கு கன்சோல்ல மோட் விட்டாங்க, உண்மைதான், ஆனா பிஎஸ்4ல வெளிய இருந்து புது மாடலோ புது சத்தமோ எதுவும் கொண்டு வரக்கூடாதுன்னு சோனி சொல்லிருச்சு, உள்ள இருக்கறதையே மாத்தி மாத்தி வச்சுக்கணும். அப்போ ஏர் ஹாரனுக்கு எங்க போறது.

இந்த மோடுங்குறது ஏதோ சின்ன பசங்க விளையாட்டுன்னு நெனச்சிராதீங்க. கவுண்டர் ஸ்ட்ரைக்ங்குற ஷூட்டிங் கேமே 1999ல ஹாஃப் லைஃப்ங்குற கேமுக்கு ரெண்டு பேரு பண்ணுன மோடு தான், அத ஹாஃப் லைஃப் பண்ணுன வால்வ் கம்பெனி அப்புறமா வாங்கிக்கிச்சு. டோட்டாங்குற கேம் வந்தது வார்கிராஃப்ட் 3ங்குற கேமோட மோடுல இருந்து. நம்மூர்ல ஒரு காலத்துல தெருவுக்கு தெரு பேசுன பப்ஜி இருக்கே, அத உருவாக்குன பிரெண்டன் கிரீன் ஆரம்பத்துல ஆர்மா 2ங்குற கேமுக்கு மோடு பண்ணிட்டு இருந்தவரு. இன்னிக்கு கன்சோல்ல ஆடுற பாதி விஷயம் எவனோ ஒருத்தன் பிசில நோண்டுனதுல பொறந்தது.

அடுத்தது மவுஸ். ஷூட்டிங் கேம்ல மவுஸா கன்ட்ரோலராங்குற சண்டை பழசு, விட்டுருவோம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 எடுத்துக்குங்க, ஊர் கட்டி படை சேத்து சண்ட போடுற 1999 கேம், இன்னும் ஆள் ஆடுது. 2022 ஏப்ரல்ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியான்னு ஒரு டிஎல்சி (கேமோட சேத்துக்கற கூடுதல் பகுதி) விட்டாங்க, அதுல திராவிடர்னு ஒரு நாகரிகம், ராஜேந்திர சோழனுக்கு தனி கேம்பெயின், திரிசடைன்னு போர்க்கப்பல், உருமி சுத்துற வீரன், க்ளிக் பண்ணுனா நம்ம ஆளுங்க தமிழ்லயே பதில் சொல்றாங்க. மொத தடவ கேட்டப்போ ஆடுறத நிறுத்திட்டு ஒவ்வொருத்தனையா க்ளிக் பண்ணிட்டு உக்காந்திருந்தேன். இப்போ இந்த கேம் எக்ஸ்பாக்ஸ்க்கும் 2023ல வந்திருச்சு. ஆனா ஆடிப் பாருங்க. கீபோர்டுல ஹெச் தட்டி க்யூ தட்டுனா ஊர் மையத்துல கிராமத்தான் ஒருத்தன் ரெடி ஆகுறான், புள்ளி கீய தட்டுனா சும்மா நிக்கிறவன் எங்க இருக்கான்னு கேமராவே ஓடிப்போய் காட்டுது, மவுஸ இழுத்து 40 வில்லாளிய வளைச்சு கன்ட்ரோலும் ஒண்ணும் தட்டுனா அது ஒரு படை, கண்ணு ஸ்க்ரீன்லயே இருக்கும் கை பாட்டுக்கு போயிட்டே இருக்கும். கன்ட்ரோலர்ல இந்த வேகம் வராதுன்னு கேம் பண்ணுனவங்களுக்கே தெரியும், அதான் கிராமத்தானுங்க தானாவே வேலைய பிரிச்சுக்கற மாதிரி ஒரு சிஸ்டம் வச்சு குடுத்திருக்காங்க. நல்ல வேலை தான், குறை சொல்லல. ஆனா அந்த வேலைய பிரிக்கிறது தானய்யா கேமே!

கன்ட்ரோலர் வேணும்னா பிசில அதுவும் இருக்கு. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரோ எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரோ எத சொருகுனாலும் எடுத்துக்கும், ஹெச்டிஎம்ஐ வயர டிவில மாட்டிட்டு சோபால கால நீட்டி ஆடுங்க, யாரு வேணாம்னா.

பழைய கேம் விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் கோவமாவே பேசுவேன். பிஎஸ்3 டிஸ்க பிஎஸ்5ல போட்டா ஓடாது. ஷெல்ஃப் நெறைய டிஸ்க் வச்சிருக்கறவன் அந்த பழைய பொட்டி சாகுற வரைக்கும் தான் ஆடலாம். 3டிஎஸ், வீ யூன்னு அதோட பழைய பொட்டி ரெண்டுக்கும் நின்டெண்டோ கம்பெனி 2023 மார்ச்ல ஆன்லைன் கடைய மூடுச்சு, எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலைல மூடுச்சு. ப்ளட்போர்ன்ங்குற பிஎஸ்4 கேம் 2015ல வந்தது, பிஎஸ்5 வாங்கி அதுல போட்டாலும் இன்னிக்கும் அதே 30 எஃப்பிஎஸ், ஏன்னா கம்பெனிக்கு மனசு வரல. பிசில பத்து வருஷம் முன்னாடி மூச்சு திணறி ஓடுன கேம் புது கிராபிக்ஸ் கார்டு மாட்டுன அன்னிக்கு தானாவே பறக்கும், யாரோட பர்மிஷனும் வேணாம். பிசிலயும் எல்லாம் நம்ம சொத்து இல்ல, அதையும் சொல்லணும், 2024ல யூபிசாஃப்ட் கம்பெனி சர்வர நிறுத்துனதும் அவங்களோட தி க்ரூங்குற கார் கேம் பிசிலயும் தான் செத்துச்சு. ஆனா ஜிஓஜில வாங்குனா இன்ஸ்டாலர் ஃபைலே கைக்கு வந்துருது, ஹார்ட் டிஸ்க்ல போட்டு பூட்டி வச்சுக்கலாம், கடை இருந்தா என்ன போனா என்ன.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். நம்ம வீடுகள்ல கேம் ஆட 55 ஆயிரம் குடுங்கப்பான்னு கேட்டா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். கம்ப்யூட்டர் எப்பவுமே "படிப்புக்கு" தான் வீட்டுக்குள்ள வரும். 2011ல அரசு இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சப்போ ப்ளஸ் டூ பசங்க கைக்கு வந்த அதே லேப்டாப்ல பென்டிரைவ்ல வைஸ் சிட்டி ஏறுன வேகம் இருக்கே, எந்த பாடப்புத்தகமும் அவ்ளோ வேகமா பரவுனது இல்ல. ஆனா அதே லேப்டாப்ல தான் நெறைய பேரு போட்டோஷாப், வீடியோ எடிட்டிங், கோடிங் எல்லாம் தொட்டுப் பாத்தது. பிசி பகல்ல தங்கச்சியோட டேலி கணக்கு சாஃப்ட்வேருக்கும் அப்பாவோட ஜிஎஸ்டி பில்லுக்கும் உழைச்சிட்டு நைட்டு நமக்கு கேம் ஓட்டும், அந்த செலவ கேம் கணக்குல மட்டும் எழுதுறது நியாயமே இல்ல.

மொத்தமா ஒரே நாள்ல செலவு பண்ணணும்னும் இல்ல. என் மாமா பையன் முதல் தலைமுறை ரைசன் ப்ராசஸரும் பி350 மதர்போர்டும் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டும் வச்சு ஆரம்பிச்சவன். ப்ராசஸர் மாட்டுற ஏஎம்4 சாக்கெட்ட ரைசன் பண்ற ஏஎம்டி கம்பெனி வருஷக்கணக்கா மாத்தாம வச்சிருந்ததால அதே போர்டுல பயாஸ் (போர்டுக்குள்ள இருக்குற சாஃப்ட்வேர்) மட்டும் அப்டேட் பண்ணிட்டு ரைசன் 5600 மாட்டுனான், அப்புறம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு திரிஞ்சு செகண்ட் ஹேண்ட்ல ஆர்எக்ஸ் 6600 கார்டு ஒண்ணு புடிச்சான், கழட்டுன பழைய கார்டு அவன் தம்பி பொட்டிக்கு போச்சு. (செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குனா கடையிலயே மாட்டி அரை மணி நேரமாச்சும் கேம் ஓட்டிப் பாத்துட்டு காச குடுங்க, "மைனிங் கார்டு (கிரிப்டோ காசு எடுக்க ராப்பகலா ஓட்டுனது) இல்ல சார்"னு எல்லாரும் தான் சொல்வாங்க.) சூடு ஏறுதா, பக்கத்து மூடிய கழட்டி தூசி ஊதி தெர்மல் பேஸ்ட் மாத்துனா முடிஞ்சுது.

கன்சோல்ல நல்லது எதுவுமே இல்லையான்னா, இருக்கு. ஆன் பண்ணா ஆடலாம். டிரைவர் அப்டேட், ஷேடர் (கிராபிக்ஸ் கோடு) கம்பைலாகுதுன்னு கால் மணி நேரம் உக்காரறது, இதெல்லாம் கிடையாது. தி லாஸ்ட் ஆஃப் அஸ்ங்குற கேம் பிசிக்கு 2023 மார்ச்ல வந்தப்போ இருந்த கேவலத்த மறக்கவே முடியாது, நல்ல கார்டு வச்சிருந்தவனே அழுதான். ஆன்லைன்ல ஏமாத்தி ஆடுற சீட்டர் தொல்லையும் பிசில தான் அதிகம். டிஸ்க் வாங்கி ஆடி முடிச்சு பாதி விலைக்கு வித்துட்டு அடுத்தத வாங்குற கில்லாடிங்க கிட்ட என் காசு கணக்கு செல்லாது, ஒத்துக்குறேன். நாலு பேரு சேந்து ஹால்ல உக்காந்து ஃபுட்பால் கேம் ஆடுறதுக்கு கன்சோல அடிச்சுக்க ஆள் இல்ல. வேலைக்கு போயிட்டு வந்து ஒரு மணி நேரம் ஆடிட்டு தூங்குற ஆளு, வீட்ல ஏற்கனவே நல்ல லேப்டாப் இருக்கு, நோண்டுறதுல ஆர்வமும் இல்லன்னா தாராளமா பிஎஸ்5 எடுங்க, நான் சண்டைக்கு வரல.

பிளேஸ்டேஷன்ல மட்டும் கெடைக்கிற எக்ஸ்க்ளூசிவ் கேம்னு சொல்றீங்களே, அது இப்போ பாதி கதை தான். காட் ஆஃப் வார் 2022ல பிசிக்கு வந்துருச்சு, ஸ்பைடர்மேன் வந்துருச்சு, கோஸ்ட் ஆஃப் சுஷிமா 2024ல வந்துருச்சு. மைக்ரோசாஃப்ட் அதோட கேம எல்லாம் எக்ஸ்பாக்ஸ்ல விடுற அன்னிக்கே பிசிலயும் விடுது.

மிச்சம் இருக்குறது ஜிடிஏ 6 கேள்வி. ரிலீஸ் 2026 நவம்பர் 19னு சொல்லிருக்காங்க, பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸ்க்கும் மட்டும், பிசி தேதி பத்தி மூச்சு விடல. ஜிடிஏ பண்ற ராக்ஸ்டார் கம்பெனி எப்பவுமே இப்படித்தான், ஜிடிஏ 5 கன்சோல்ல 2013 செப்டம்பர், பிசிக்கு 2015 ஏப்ரல். அவங்களோட ரெட் டெட் 2 கேமுக்கு ஒரு வருஷத்துக்கு மேல காத்திருக்க வச்சாங்க. ஆனா ரெண்டும் பிசிக்கு வந்தப்போ கன்சோல்ல இருந்தத விட நல்லா வந்துச்சு, அப்புறம் மோடு வேற. அதுவரைக்கும் பொறுக்க முடியாதுன்னா பிஎஸ்5 வச்சிருக்குற ஃப்ரெண்டு ஒருத்தன இப்பவே புடிச்சு வச்சுக்க, ரிலீஸ் வாரம் அவன் வீட்டுல டேரா, பிரியாணி செலவு உன்னது.