வானத்துக்கும் போத்தல் காசு வேணும்

போன மாரிக்கு எங்கட ஒழுங்கை முடக்கில ஒரு உடைஞ்ச கொமட் கிடந்தது. அதோட பழைய சுவர்க்கல்லு, ஆணி கழட்டாத மரச்சட்டம், ஓட்டுத் துண்டுகள் எண்டு இரண்டு ட்ரக்டர் லோட் வரும். ஆர் வீட்டுக் குப்பை எண்டு ஒழுங்கை முழுக்கத் தெரியும். கனடாவில இருக்கிற ஒருத்தர் தாய் தகப்பன்ர பழைய வீட்டை உடைச்சுப் புதுசாக் கட்டினவர். குடிபூரலும் நடந்து முடிஞ்சுது. மிஞ்சினதை எல்லாம் பக்கத்து வெறுங்காணிக்குள்ள தள்ளிப்போட்டு கொன்ட்ராக்டர் போயிட்டார்.

வீட்டுக்காரரை வட்ஸ்அப்பில கேட்டம். "நான் முழுக்காசும் குடுத்திட்டன், அவரைக் கேளுங்கோ" எண்டார். கொன்ட்ராக்டரைக் கேட்டால், "குப்பை ஏத்துறது பேசின கணக்கில இல்லை அண்ணை." சபைக்குப் போனால், "அது தனியார் காணி, நாங்கள் உள்ளுக்க கை வைக்கேலாது." காணிக்காரர் பிரான்ஸில. கொமட்டுக்குள்ள மழைத்தண்ணி தேங்கி நுளம்புக் குடம்பி நெளியத் தொடங்கினாப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. வந்தார். வந்தவர் முதல்ல எட்டிப் பார்த்தது எங்கட வீட்டுப் பூச்சாடியை! கடைசியில பதினொரு வீடும் ஆளுக்கு ஆயிரம் ரூபா போட்டு ட்ரக்டர் பிடிச்சு ஏத்தினம்.

இது நடந்து கொஞ்ச நாளால ஒரு இரவு கரண்ட் போட்டுது. ஒழுங்கை வாசல் கடை வாங்கில இருந்து கதைச்சுக்கொண்டிருக்கேக்க, மேல கோச்சி மாதிரி வரிசையா வெளிச்சங்கள் போச்சுது. இன்ரநெற் குடுக்கிற ஸ்டார்லிங்க் செய்மதிகள், ஏவின புதுசில அப்பிடித்தான் போகும் எண்டு சொன்னன். கடைக்கார அண்ணை கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துப்போட்டுக் கேட்டார்: "உதுகள் பழுதாப் போனால் ஆர் தம்பி எடுக்கிறது?"

"தானா விழுந்து எரிஞ்சிடும் அண்ணை" எண்டு சொல்லிப்போட்டன். அது பாதிதான் சரி. அந்தச் செய்மதிகள் சுத்திறது 550 கிலோமீற்றர் அளவு உயரத்தில. அங்க இருக்கிற கொஞ்சக் காத்தே ஒரு சில வருசத்தில கீழ இழுத்துப்போடும். 800 கிலோமீற்றர் எண்டால் கதை வேற, நூற்றுக்கணக்கான வருசம் கிடக்கும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின்ர என்விசாட் செய்மதி 8 தொன் பாரம். 2012 ஏப்ரலில தொடர்பு அறுந்தது. 770 கிலோமீற்றர் அளவில இப்பவும் சும்மா சுத்துது. தானா விழ இன்னும் நூறு வருசத்துக்கு மேல எடுக்கும்.

சும்மா கிடந்தால் பரவாயில்லை. அதுகள் போற வேகத்துக்கு யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு ஒரு நிமிசம் காணும். ஒரு சென்டிமீற்றர் ஆணி அந்த வேகத்தில வந்து அடிச்சால் செய்மதி முடிஞ்சுது. ஒரு சென்டிமீற்றருக்கு மேல உள்ள துண்டுகள் மட்டும் 10 இலட்சத்துக்கும் கூட எண்டு ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் கணிக்குது. அதில பெரும்பாலானதை நிலத்தில இருந்து பார்க்கவே ஏலாது. 2009 பெப்ரவரி 10 ஆம் திகதி சைபீரியாவுக்கு மேல, வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்கக் கம்பனிச் செய்மதி இரிடியம்-33 உம், எப்பவோ செத்துப்போன ரஷ்யச் செய்மதி கொஸ்மொஸ்-2251 உம் மோதிச்சுது. பின்தொடரக்கூடிய அளவில மட்டும் இரண்டாயிரம் அளவு துண்டு. அதில ஒரு பங்கு இப்பவும் மேலதான்.

அதுக்கு ஆர் நட்டஈடு குடுத்தது? ஒருத்தரும் இல்லை.

சட்டம் இருக்கு. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி, கம்பனி செய்யிறதுக்கும் அந்தக் கம்பனியின்ர நாடுதான் பொறுப்பு. 1972 இல பொறுப்புடைமை உடன்படிக்கை எண்டு இன்னொண்டு வந்தது. அதன்படி நிலத்தில விழுந்து சேதம் வந்தால், பிழை ஆரில எண்டு கேள்வியே இல்லை, ஏவின நாடு கட்டோணும். ஆனால் மேல, வானத்திலேயே மோதினால், பிழை ஆரில எண்டு நிரூபிக்கோணும். செத்த செய்மதிக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. அதில என்ன பிழையை நிரூபிக்கிறது? உடன்படிக்கையைக் காட்டிக் காசு வாங்கின கதை எண்டால் கனடாவின்ர கதைதான். 1978 ஜனவரியில அணு உலையோட சோவியத் செய்மதி கொஸ்மொஸ்-954 கனடாவின்ர வட பகுதியில விழுந்தது. கனடா கேட்டது 60 இலட்சம் டொலர், 1981 இல ஒத்துக்கொண்டது 30 இலட்சம்.

இன்னொரு பூட்டும் இருக்கு. ஒரு நாடு ஏவின சாமான் செத்தாப் பிறகும் அந்த நாட்டின்ரதான். அவையின்ர சம்மதம் இல்லாமல் வேற ஒருத்தர் போய் அப்புறப்படுத்த ஏலாது. பிரான்ஸில இருக்கிற காணிக்காரற்ர வெறுங்காணிக் கதைதான் இதுவும்.

எங்களுக்கென்ன எண்டு கேக்கிற ஆக்களுக்கு: 2015 நவம்பர் 13 ஆம் திகதி மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி எங்கட நாட்டின்ர தென்கரைக்கு நூறு கிலோமீற்றர் அளவு தள்ளி, வானத்துக் குப்பை ஒண்டு கடலுக்கு மேல வந்து எரிஞ்சது. அண்டைக்கு அந்தப் பக்கம் மீன்பிடிக்கப் போகவேண்டாம் எண்டு மறிச்சவை. அதின்ர பேர் டபிள்யூ.ரி.1190எஃப். 1998 இல நிலவுக்குப் போன லூனார் ப்ரொஸ்பெக்டரைத் தள்ளிவிட்ட பகுதியா இருக்கலாம் எண்டு பிறகு கணிச்சினம். கவனியுங்கோ, "இருக்கலாம்". அவ்வளவு பெரிய சாமானுக்கே அப்பிடியெண்டால், ஒரு ஆணியை எடுத்து வைச்சு இது இன்னாற்ற எண்டு எந்த நீதிமன்றத்தில நிரூபிக்கிறது?

பிறகு வழக்குப் போட்டு வாங்குவம் எண்டு இருக்கிறதில எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் கலந்த வழக்கில மின்னுற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா கட்டோணும் எண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2019 இல. அதுக்குள்ள எத்தனை வருசம் சனம் தண்ணிப் பவுசருக்கு வாளியோட நிண்டது எண்டு இங்க வாசிக்கிற கனபேருக்குத் தெரியும். எங்கட கடலில எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சது 2021 இல, 100 கோடி டொலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது 2025 இல. இதுகளில கிணறும் தெரியும், கப்பலும் தெரியும், ஆளும் தெரியும். வானத்தில மூண்டும் தெரியாது.

அபராதம் போடலாமே எண்டால், அதுவும் ஒருக்காப் போட்டவை. 2023 ஒக்டோபரில அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு டிஷ் எண்ட செய்மதி ரீவிக் கம்பனிக்குப் போட்டது. 2002 இல ஏவின எக்கோஸ்டார்-7 செய்மதி இருந்தது கீழ இறக்கேலாத அளவு உயரத்தில, அதால காலம் முடிஞ்சாப் பிறகு அதை 300 கிலோமீற்றர் மேல தள்ளி ஒதுக்கிறதா எழுதிக் குடுத்தவை. எரிபொருள் காணாமல் 122 கிலோமீற்றரோட விட்டிட்டினம். அபராதம் ஒண்டரை இலட்சம் டொலர். ஆண்டு வருமானம் ஆயிரம் கோடி டொலருக்கு மேல உள்ள கம்பனிக்கு இது தேத்தண்ணிக் காசு. முதல் அபராதம் எண்ட பேர் மட்டும் மிச்சம்.

எனக்குப் பிடிச்ச வழி எங்கட கடையிலேயே இருக்கு. முந்திக் கண்ணாடிப் போத்தலில சோடா வாங்கினால், சோடாக் காசோட போத்தல் காசும் வைக்கோணும். போத்தலைக் கொண்டு போய்க் குடுத்தால் காசு திரும்பி வரும். கடைக்காரர் எங்களுக்குப் பின்னால திரிஞ்சதில்லை, வழக்குப் போட்டதில்லை. நாங்கள் உடைச்சால் எங்கட காசு போச்சு, அவ்வளவுதான். சின்ன வயசில ரோட்டில கிடந்த போத்தலைப் பொறுக்கிக் குடுத்துக் கல்பணிஸ் வாங்கித் திண்ட ஆக்கள் நாங்கள்.

வானத்துக்கும் அப்பிடித்தான் வேணும்: ஏவுறதுக்கு முந்தியே கம்பனி காசு கட்டோணும். பாரம் கூடக் கூடத் தொகை கூடோணும், உயரம் கூடக் கூட இன்னும் கூடோணும். ஒழுங்கா இறக்கினால் வட்டியோட திருப்பிக் குடுங்கோ. இறக்காட்டில் அந்தக் காசில ஆள் பிடிச்சு இறக்குங்கோ. இறக்கிறதுக்கு ஆக்கள் வெளிக்கிட்டிட்டினம். 2024 இல ஜப்பான் கம்பனி அஸ்ட்ரோஸ்கேலின்ர கலம், மேல செத்துக் கிடந்த ஒரு ரொக்கெட் பகுதிக்கு 15 மீற்றர் கிட்டவா போய் வந்தது. தொழில்நுட்பம் வருகுது, கூலி குடுக்கத்தான் ஆள் இல்லை. பொருளியல் ஆக்கள் சிலர் 2020 இல ஒரு ஆய்வில வருசா வருசம் வாடகை அறவிடலாம் எண்டு எழுதினவை, 2040 இல ஒரு செய்மதிக்கு 2,35,000 டொலர் அளவில. வாடகையில எனக்கு ஒரு பயம்: காசு கட்டினவனுக்குக் குப்பை போட உரிமை வாங்கின நினைப்பு வந்திடும்.

மறுத்துக் கதைக்கிற ஆக்களிட்டயும் நியாயம் இருக்கு. மேல கிடக்கிற பெரிய பயங்கரங்கள் கம்பனியளின்ரை இல்லை. சோவியத் காலத்தில தொடங்கி ஏவின செனித் ரொக்கெட்டின்ர மேல் பகுதிகள் ஒவ்வொண்டும் 8 தொன்னுக்கு மேல, 840 கிலோமீற்றர் அளவில சுத்துது. சீனா 2007 இலயும் ரஷ்யா 2021 இலயும் தங்கட செய்மதியைத் தாங்களே ஏவுகணையால அடிச்சு ஆயிரக்கணக்கில துண்டாக்கினவை. அந்தக் கணக்கை நாடுகள்தான் தீர்க்கோணும். ஆனால் இப்ப வேலை செய்யிற செய்மதிகளில பாதிக்கு மேல ஒரே கம்பனியின்ர, ஸ்டார்லிங்க் விடுற ஸ்பேஸ்எக்ஸின்ர. அந்தக் கம்பனி குறைஞ்ச உயரத்திலதான் பறக்க விடுது, பழசுகளை இறக்கவும் செய்யுது, அதையும் சொல்லத்தான் வேணும். அப்ப அவைக்குப் போத்தல் காசு வைக்க என்ன கஷ்டம்? திரும்பி வாற காசுதானே.

சின்ன நாடுகளை உது நசுக்கும் எண்டும் சொல்லுவினம். எங்கட நாட்டுச் செய்மதி ராவணா-1 ஒரு கிலோ அளவு பாரம். 2019 இல 400 கிலோமீற்றரில விட்டது, தானா விழுந்து முடிஞ்சுது. அதுக்குப் போத்தல் காசு கட்டினாலும் ஒரு மோட்டார் சைக்கிள் காசுக்குள்ள அடங்கவேணும்.

கம்பனியள் கப்பல்காரர் மாதிரி வேற நாட்டுக் கொடிக்கு மாறினால்? மாறட்டும். சேவையை விக்கிறதுக்கு ஒவ்வொரு நாட்டிலயும் லைசன்ஸ் வேணும். எங்கட நாடு ஸ்டார்லிங்குக்கு 2024 ஓகஸ்டில லைசன்ஸ் குடுத்தது, 2025 ஜூலையில சேவை தொடங்கிச்சுது. லைசன்ஸ் கடதாசியில போத்தல் காசுக்கு இன்னொரு வரி எழுத ஆர் மறிச்சது?

இந்த மாதம் எங்கட ஒழுங்கையில இன்னொரு வீடு உடைக்கினம். முதல் லோட் மணல் வரமுந்தியே நாங்கள் நாலு பேர் போய்க் கொன்ட்ராக்டரிட்ட இருபத்தையாயிரம் கேட்டம். முகத்தைச் சுழிச்சார், இரண்டு நாள் இழுத்தார், பிறகு தந்தார். காசு கடைக்கார அண்ணையின்ர லாச்சிக்குள்ள ஒரு பழைய பிஸ்கட் ரின்னில கிடக்கு. நேற்றுப் பின்னேரம் ட்ரக்டர் வந்து ஓட்டுத் துண்டுகளை ஏத்திக்கொண்டு போச்சுது. கொமட் இன்னும் உடைக்கேல்லை.