பேசினால் அது நடனம் இல்லையா?

ஒரு நடனக் கலைஞரின் தனி நிகழ்ச்சியைப் பற்றி வந்த விமர்சனம் ஒன்றைப் படித்தேன். கொஞ்சம் ஆறப்போட்டு எழுதலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ஒரு நடனக் கலைஞர் தனியாக மேடையேறி, தன் தொழில் வாழ்க்கையைப் பேசியும் ஆடியும் காட்டினால் உடனே "சுயபுராணம், இது நடனமே இல்லை" என்று தீர்ப்பா?

இதென்ன நேற்று முளைத்த வடிவமா? 2004இல் பிரெஞ்சு நடன வடிவமைப்பாளர் ஜெரோம் பெல் உருவாக்கிய தனி நிகழ்ச்சியில், ஓய்வுபெறப்போகும் பாலே கலைஞர் வெரோனிக் துவானோ பாரிஸ் ஓபரா மேடையில் தன் மாதச் சம்பளத்தைச் சொன்னார். அப்புறம் 'ஸ்வான் லேக்' நடனத்தில் கூட்டத்தில் ஒருத்தியாகத் தன் பங்கை மட்டும் ஆடினார். நாயகி ஆட, சுற்றியுள்ளவர்கள் அசையாமல் நிற்கும் இடம் அது. நாயகி இல்லாத வெறும் மேடையில் அவர் நின்றுகொண்டே இருக்கிறார், இசை ஓடுகிறது. அந்த நிற்பு எவ்வளவு வலி என்று அப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

2009இல் அதே பெல் உருவாக்கிய இன்னொரு தனி நிகழ்ச்சியில் செட்ரிக் ஆந்த்ரியூ. அமெரிக்க நடன வடிவமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்காமின் குழுவில் ஆடியவர். முதலில் கால், பிறகு உடல், பிறகு கை என்று தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்ததை ஒரே உடம்பில் சேர்க்கப் பட்ட பாட்டைச் சொல்லி, ஆடியும் காட்டினார். பேச்சை எடுத்துவிட்டால் அது வெறும் கால் தூக்கல். ஆட்டத்தை எடுத்துவிட்டால் வெறும் புலம்பல். இரண்டும் சேர்ந்தால்தான் அது நடனம்.

"அப்படியென்றால் நாடகம் போடலாமே?" என்பார்கள். நடிகர் வேறொருவரின் வலியை நடிப்பார். இங்கே வலிக்கிற முட்டி ஆடுகிறவருடையதே. "சில நிகழ்ச்சிகள் அலுப்பாக இருக்கின்றன." சரி, இருக்கட்டும். அலுப்பான குழு நடனத்தைப் பார்த்துவிட்டு நடனமே இல்லை என்று யாராவது எழுதினார்களா?

நானும் குழுவில் ஆடியவள். திரை ஓரத்தில் துண்டில் ஐஸ் சுற்றி முட்டியில் வைத்துக்கொண்டு, இசை மாறும்போது அதை உதறிவிட்டு ஓடுவேன். மறுநாள் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்க முடியும். வலிக்கிறது என்று சொன்னபோது கிடைத்த பதில், "பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்." ஒத்திகையில் நடன வடிவமைப்பாளர்கள் "இந்த உணர்வுக்கு ஏதாவது செய்து காட்டு" என்பார்கள். செய்வோம். பிடித்ததை எடுத்துக் கோத்துக்கொள்வார்கள். வடிவமைப்பு என்று அவர்கள் பெயர் வரும். முட்டி ஒத்துழைக்காமல் நான் விலகிய பிறகும், தரையில் புரண்டு ஒரு கையில் எழும் என் அசைவை வேறொரு பெண் ஆடினாள். நன்றாகவே ஆடினாள். அவளுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பேசினால் அது நடனம் இல்லை என்கிறவர்களே, எங்களை வாயை மூடச் சொல்ல ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். "இவர் கதையை யார் கேட்டார்கள்?" என்று முடித்திருக்கிறார் அந்த விமர்சகர். நான் கேட்டேன். எனக்குப் பின் வரிசையில் குழு நடனக்காரர்கள் சிலர் இருந்தார்கள், அவர்களும் கேட்டார்கள்.