அந்த நான்கு வரியை ஏன் எடுத்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கைப்பேசியில் தமிழ் எழுதச் சொல்லிக் கொடுத்தபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள், மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. ஆனால் நேற்று கடைக்கு நகல் எடுக்க வந்த ஒருவர், "என்னக்கா, உங்க குறிப்பு ரொம்ப நீளமாமே, சின்னப் பிள்ளைக்கு எழுதின மாதிரி இருந்துச்சாமே" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் எழுதிக் கொடுத்தது இரண்டு பக்கம். கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்வது எப்படி என்று, பதினொரு படிகள். மண்டபத்தில் கொடுக்கப்பட்டது அரைப் பக்கம். நடுவில் யார் கை வைத்தது என்று சொல்லப் போவதில்லை. படித்த தம்பி, கெட்ட எண்ணம் கிடையாது. "அழகா, சுருக்கமா" ஆக்கிக் கொடுத்தாராம். என் ஆறு படிகள் அவர் கையில் ஒரே வரியாகிவிட்டன: "செல்லினம் செயலியை நிறுவி, அமைப்புகளில் இயக்கவும்." செல்லினம் என்பது கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் செயலி.

அவர் வெட்டிப் போட்டதில் ஒரு பகுதியை இங்கே அப்படியே போடுகிறேன்.

"இப்போது திரையில் ஓர் எச்சரிக்கை வரும். நீங்கள் தட்டும் எல்லாவற்றையும், கடவுச்சொல், கடன் அட்டை எண் உட்பட, இது சேகரிக்கக்கூடும் என்று இருக்கும். பயப்பட வேண்டாம். நாமாக இறக்கிப் போடும் எந்த விசைப்பலகைக்கும் ஆண்ட்ராய்டு இதைக் காட்டும். ஓகே என்பதைத் தட்டுங்கள்."

நான்கே வரி. இதை எடுத்ததால் என்ன ஆனது? பதினான்கு பேர் வந்தார்கள். ஒன்பது பேர் அந்த எச்சரிக்கையோடு நின்றுவிட்டார்கள். எங்கள் பழைய தோட்டத்தில் எதிர் லயத்தில் இருந்த அக்கா, கைப்பேசியை அணைத்து, கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினார். "பேங்கு நம்பர் எல்லாம் எடுத்துக்குமாம், எனக்கு வேணாம்மா" என்றார். அவர் மகன் கோலாலம்பூரில் வேலை. தெரியாத எதையும் தட்டாதே என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா செய்தது சரி. தப்பு அவர் கையில் கொடுத்த தாளில் இருக்கிறது.

ஒரு செய்முறைக் குறிப்பை நாம் தெரியாதவருக்காகத்தான் எழுதுகிறோம். தெரிந்தவருக்கு அது தேவையே இல்லை. அப்படியிருக்க, தெரிந்தவர் ஒருவர் அதைப் படித்துப் பார்த்து, இது எனக்குத் தேவையில்லை, அது எனக்குத் தெரியும் என்று வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் என்ன மிஞ்சும்? அவருக்குத் தெரிந்தது அவருக்கே மிஞ்சும்.

இருபத்து மூன்று வருடமாகத் தட்டச்சும் நகலும் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பாரம் (படிவம்) நிரப்பத் தெரியாமல் வருகிறவர்களைத் தினம் பார்க்கிறேன். அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பெரிய விஷயத்தில் விழமாட்டார்கள். "அமைப்புகள்" என்று குறிப்பு சொல்லும், அவர் திரையில் "தெத்தாப்பான்" என்று மலாயில் இருக்கும். அங்கே விழுவார்கள். அந்தப் பல்சக்கரப் படம் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் ஒவ்வொரு படியிலும் என்ன தட்ட வேண்டும், தட்டியதும் திரையில் என்ன தெரியும், தெரியாவிட்டால் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று மூன்றையும் எழுதினேன். இரண்டு பக்கம் ஆனது இதனால்தான். என் தமிழை நானே ரசிக்க எழுதவில்லை.

எழுதியதை அப்படியே தூக்கிக் கொடுக்கவும் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்பே அந்த அக்கா வீட்டுக்குப் போய், அவர் பேத்தியின் பழைய கைப்பேசியை மேசைமேல் வைத்து, தாளைக் கையில் கொடுத்துவிட்டு, நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கோப்பி ஆறிப்போனது. அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டேன். "அம்மா" எழுத நாலே தட்டு: அ, ம, ம, ஆ. தமிழ் 99 என்ற விசைப்பலகை அமைப்பில் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும். அதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். அடுத்து அவரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தார். பின்கட்டில் காய்த்துத் தொங்கும் பப்பாளி. தட்டினார். சொல்லின் தொடக்கத்திலேயே "ப்ப" என்று புள்ளி வந்து நின்றது. அழித்தார். மறுபடி தட்டினார். மறுபடி அதே. "எனக்கு வராதும்மா" என்று கைப்பேசியைத் தள்ளி வைத்தார்.

தவறு என்னுடையது. புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் அ-வைத் தட்ட வேண்டும் என்று நான் எழுத மறந்திருந்தேன். ப, அ, ப, ப, ஆ, ள, இ. அன்று இரவே அதைச் சேர்த்தேன், பப்பாளியையே எடுத்துக்காட்டாக வைத்து. அரைப் பக்கத் தாளில் அந்தப் பப்பாளியும் இல்லை.

சிலர் என்ன சொல்வார்கள் என்று தெரியும். "எல்லாம் காணொளியில் இருக்கே அக்கா." இருக்கிறது. ஆறு நிமிடக் காணொளி, பேசுகிறவரின் விரல் நாலு இடத்தைத் தட்டி முடித்துவிடும், இவர்கள் நிறுத்தத் தேடுவதற்குள் விளம்பரம் வந்துவிடும். அதே கைப்பேசியில் காணொளியையும் பார்த்துக்கொண்டு அமைப்புகளையும் திறப்பது எப்படி? தாள் என்றால் மேசைமேல் கிடக்கும், விரலை வைத்துக்கொள்ளலாம், பாதியில் சோறு வடித்துவிட்டு வந்தாலும் அந்த வரியிலேயே இருக்கும்.

"இப்ப பேசினாலே எழுதித் தருதே" என்கிறார்கள். அவர்கள் பேசட்டும். எழுதக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வந்தவரிடம் இதைச் சொல்வது நியாயமா?

"ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுமே, அது சுலபம்தானே?" இது நியாயமான கேள்வி. எனக்கும் முதலில் அதுதான் பழக்கம், முரசு அஞ்சல் மென்பொருளில் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று ரப்பர் பால்மரக் காட்டுக்குப் போனவருக்கு ஆங்கில எழுத்து எந்த வகையில் சுலபம்? தமிழ் 99இல் பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி, ஆக 31 விசைகளில் 247 எழுத்தும் வந்துவிடுகின்றன. 1999இல் சென்னை மாநாட்டில் முடிவான விசைப்பலகை அது. திரையில் அவருக்குத் தெரிந்த எழுத்தே நிற்கும். செல்லினத்தை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர். நம் கையில் இருப்பதை நம் ஆட்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்க மாட்டோமா?

"நீளமாக இருந்தால் படிக்கமாட்டார்கள்" என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாதது. யார் படிக்கமாட்டார்கள்? அந்த அக்கா என் இரண்டு பக்கத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு மணி நேரம் படித்தார்.

என் அப்பா கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவர். பள்ளி விடுமுறையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, என்னையும் இழுத்துக்கொண்டு போவார். பால்மரம் சீவ எனக்கு உளி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். "நல்லா சீவு" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே சரியணும் என்பார். நெற்றி விளக்கைக் குனிந்து காட்டி, சீவல் எவ்வளவு மெல்லிசாக விழ வேண்டும் என்று ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார். "உளி கட்டையைத் தொட்டா இப்ப ஒண்ணும் தெரியாது. பட்டை திரும்ப வளரும்போது முண்டும் முடிச்சுமா வரும். அப்புறம் வெட்ட வர்றவன் கஷ்டப்படுவான்." என்ன செய்ய வேண்டும், சரியாகச் செய்தால் எப்படி இருக்கும், தப்பினால் எப்படித் தெரியும். என் இரண்டு பக்கமும் அப்பா சொல்லிக் கொடுத்த முறைதான். அதைத்தான் சின்னப் பிள்ளைக்கு எழுதியது என்கிறார்கள்.

இதே ஊரில் பிறந்த, மலேசிய அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு நம்மவர்கள் நடுத்தெருவில் நின்ற காலம். அவர் தோட்டம் தோட்டமாகப் போனார். பங்கு என்ற சொல்லையே கேட்டிராத தொழிலாளிகளிடம், மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியிருந்தது. இவர்களுக்குப் புரியாது என்று யாராவது அரைப் பக்கத்தோடு நிறுத்தியிருந்தால் அந்தப் பத்து வெள்ளியை யார் எடுத்துக் கொடுத்திருப்பார்கள்?

எனக்கு வலிப்பது அந்தத் தாள்கூட இல்லை. பத்து வயதில் அம்மாவோடு ஓர் அலுவலக முகப்பில் நின்றேன். அம்மா பாரத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். முகப்பில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எழுதியிருக்கிற மாதிரி நிரப்பு" என்றார். அவரும் தமிழர்தான். அம்மா என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. திரும்பி நடந்தோம், பஸ்ஸுக்கு வைத்திருந்த காசில் எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, தோட்டம் வரைக்கும் பேசாமலே வந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா சிப்பை இழுத்து மூடியபோது எனக்கு அம்மாவின் முகம்தான் தெரிந்தது.

தம்பி, இதை நீங்கள் படிப்பீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடை தூரமா? கேட்டிருந்தால் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். சுருக்கக் கூடிய இடம் இரண்டு மூன்று உண்டு, அதையும் நானே காட்டியிருப்பேன்.

வருகிற ஞாயிறு, மாலை நான்கு மணி, அதே மண்டபம். இருபது நகல் எடுத்துவிட்டேன், எழுத்தைப் பெரிதாக்கியதில் இரண்டு பக்கம் மூன்றாகிவிட்டது. எச்சரிக்கைப் படியைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மீதி இரண்டு பேர் எந்தத் தாமானுக்கு (குடியிருப்புக்கு) மாறினார்கள் என்று தெரிந்தவர்கள் கடைக்கு வந்து சொல்லுங்கள். தம்பி, நீங்களும் வாருங்கள். வந்து ஓர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தாளைப் பார்த்துத் தட்டி முடிக்கும்வரை பேசாமல் பாருங்கள்.