பாலத்தை விட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வருவோம்

அமெரிக்கப் பாடகி பாபி ஜென்ட்ரி எழுதிப் பாடிய "ஓட் டு பில்லி ஜோ" 1967 ஜூலையில் வெளிவந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பாடலைக் கேட்பவர்கள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றுதான். பாடலில் கதை சொல்லும் பெண்ணும் பில்லி ஜோ என்ற இளைஞனும் டாலஹாச்சி பாலத்தின் மேலிருந்து ஆற்றில் எறிந்தது என்ன? மோதிரம் என்கிறார்கள் சிலர், மலர்கள் என்கிறார்கள் சிலர், ஒரு குழந்தை என்று சொல்லும் அளவுக்கும் சிலர் போயிருக்கிறார்கள். இந்தக் கேள்வியில் எனக்கு ஆர்வம் இல்லை. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இந்தப் பாடல் சொல்லவந்த எல்லாமே அந்தக் கேள்வியின் நிழலில் மறைந்துபோய்விட்டது என்பது என் உறுதியான எண்ணம்.

பாடலைக் கேட்டிராதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 3, மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா பகுதி, புழுதி படிந்த ஒரு நாள். கதை சொல்லும் இளம்பெண் பருத்தி வயலில் களை கொத்திக்கொண்டிருக்கிறாள், அவளுடைய அண்ணன் காய்ந்த புல்லைக் கட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறான். மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார்கள். பின்வாசலில் நின்று அம்மா முதலில் சொல்வது காலைத் துடைத்துவிட்டு உள்ளே வாருங்கள் என்பது. அடுத்து சொல்வது, சாக்டா மேடு என்ற இடத்திலிருந்து சேதி வந்திருக்கிறது, பில்லி ஜோ மக்அலிஸ்டர் பாலத்திலிருந்து குதித்துவிட்டான் என்பது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். வீட்டுத் தரை அழுக்காகக் கூடாது என்ற கவலைக்குப் பின்னால்தான் ஓர் இளைஞனின் சாவு வீட்டுக்குள் வருகிறது.

பிறகு எல்லோரும் சாப்பிட உட்காருகிறார்கள். அப்பா காராமணியை எல்லோருக்கும் நகர்த்தியபடியே அம்மாவிடம், அந்தப் பையனுக்கு என்றைக்கும் புத்தி இருந்ததில்லை என்கிறார், அதே மூச்சில் ரொட்டியைக் கேட்கிறார், இன்னும் ஐந்து ஏக்கர் உழ வேண்டியிருக்கிறது என்கிறார். அம்மா, பாவம்தான் என்று சொல்லிவிட்டு, சாக்டா மேட்டில் நல்லது எதுவும் நடந்ததில்லை என்று முடித்துவிடுகிறாள். அண்ணனுக்கு மட்டும் மனம் கொஞ்சம் கலங்குகிறது. தானும் டாம் என்ற நண்பனும் பில்லி ஜோவும் சேர்ந்து சினிமா கொட்டகையில் தங்கையின் முதுகில் தவளையைப் போட்ட விளையாட்டு அவனுக்கு நினைவு வருகிறது. போன ஞாயிறு தேவாலயம் முடிந்து அவனோடு தங்கை பேசிக்கொண்டிருக்கவில்லையா என்று கேட்கிறான். நேற்றுகூட மரமறுக்கும் ஆலையில் அவனைப் பார்த்தேனே, இது சரியாகப் படவில்லையே என்கிறான். ஆனால் அந்தக் கலக்கத்துக்கு நடுவிலேயே ஆப்பிள் பை என்ற இனிப்புப் பலகாரத்தில் இன்னொரு துண்டும் கேட்டுவிடுகிறான்.

இந்த மேசையில் ஒருவர் மட்டும் வாயே திறக்கவில்லை. கதை சொல்கிறவள் அவள்தான், ஆனால் பாடல் முழுவதிலும் அவள் அந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசியதாக எங்குமே இல்லை. அண்ணன் அவளைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கும் பதில் இல்லை. அவளுக்கு என்ன நேர்ந்தது என்பது நமக்குத் தெரியவருவதே அம்மாவின் வாய்வழியாகத்தான். காலையிலிருந்து அடுப்படியில் நின்று சமைத்திருக்கிறேன், உனக்கு என்ன ஆயிற்று, ஒரு வாய்கூட வைக்கவில்லையே என்று அம்மா கேட்கிறாள். அவள் அழுதாள் என்றோ மனம் உடைந்தாள் என்றோ பாடல் சொல்லவில்லை. தொடாமல் கிடக்கும் சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் காட்டுகிறது, அவ்வளவே. பாப் பாடல்களில் சோகத்தை இத்தனை சிக்கனமாகச் சொன்ன இடம் வேறொன்றை நான் கேட்டதில்லை.

பாடலின் மையம் என்று நான் கருதுவது இதை அடுத்து வரும் வரிகளை. அந்த இளம் போதகர் டெய்லர் இன்றைக்கு இந்தப் பக்கம் வந்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் சாப்பிட வருவதாகச் சொன்னார் என்று அம்மா தொடங்குகிறாள். பிறகு, அட, சொல்ல மறந்துவிட்டேன் என்பதுபோல, சாக்டா மேட்டில் உன் சாயலில் ஒரு பெண்ணைப் பார்த்தாராம், அவளும் பில்லி ஜோவும் பாலத்திலிருந்து எதையோ எறிந்துகொண்டிருந்தார்களாம் என்கிறாள். அதோடு மேசைக் காட்சி முடிந்துவிடுகிறது. யாரும் எதுவும் பேசவில்லை. அடுத்த வரி தொடங்கும்போது ஓராண்டு கடந்துவிட்டது.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது, வெகுளியாகக் கேள்விப்பட்டதைச் சொல்கிறாள் என்றே பெரும்பாலோர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மகள் சாப்பிடாததைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான். அதைக் கவனித்த கையோடு போதகர் சொன்னதை எடுத்துப் போடுகிறாள். மகளின் பசியின்மையும் பாலத்தின் மேல் நின்ற பெண்ணும் அவள் மனத்தில் ஏற்கெனவே ஒன்று சேர்ந்திராவிட்டால் அந்த இரண்டு பேச்சும் இப்படி அடுத்தடுத்து வந்திருக்க வாய்ப்பில்லை. அப்பாவும் அண்ணனும் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அவர்களுக்கு உறைக்காதபடியும் மகளுக்கு மட்டும் உறைக்கும்படியும், எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடுகிறாள். உன் சாயலில் ஒரு பெண் என்கிறாளே தவிர உன்னைப் பார்த்தாராம் என்று சொல்வதில்லை. மறுக்க விரும்பினால் மறுத்துக்கொள் என்று மகளுக்கு ஓர் இடம் விட்டுவைக்கிறாள். கூடவே ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் போதகர் நல்லவர், இளைஞர் என்பதையும் சொல்லிவைக்கிறாள். இறந்தவனை மறந்துவிட்டு வரப்போகிறவரைப் பார் என்று ஒரு தாய் தனக்குத் தெரிந்த ஒரே முறையில் சொல்வதாகவே நான் இதைக் கேட்கிறேன். அதில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்த அன்பு, இரண்டு நிமிடம் மகளோடு சேர்ந்து உட்கார்ந்து அழுவதற்கு மட்டும் இடம் தரவில்லை.

பாபி ஜென்ட்ரியே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். எறியப்பட்ட பொருள் முக்கியமில்லை, அந்தப் பெண்ணுக்கும் பில்லி ஜோவுக்கும் ஓர் உறவு இருந்தது என்று காட்டவே அது வருகிறது என்றும், தாம் காட்ட நினைத்தது தன்னையறியாமல் மனிதர்கள் காட்டும் கொடுமையை என்றும் அவர் விளக்கியிருக்கிறார். எழுதியவரே இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் உலகம் அந்தப் பொருளை விடவில்லை. 1976இல் இந்தப் பாடலைத் திரைப்படமாக எடுத்தார்கள். எறியப்பட்டது துணிப் பொம்மை என்றும், குடிபோதையில் இன்னோர் ஆணுடன் நேர்ந்த உறவின் குற்றவுணர்வால் பில்லி ஜோ உயிரை விட்டான் என்றும் படம் விடை சொல்லிவிட்டது. பாடலில் இல்லாததைக் கண்டுபிடித்தது படத்தின் உரிமை. ஆனால் இந்த வகை விடை எதுவாக இருந்தாலும் அது பாடலைச் சிறிதாக்கிவிடுகிறது என்றே நினைக்கிறேன். காரணம் கிடைத்துவிட்டால் நாமும் அப்பாவைப் போல, ஓ, அதுதானா என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் கேட்கலாம். உண்மையில் அந்தக் கேள்வியைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்த மேசையில் நமக்கும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்கிறோம். சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பவளைப் பார்க்காமல் பாலத்துச் சேதியில் சுவை தேடுகிறோம்.

இசையும் இதற்கு ஒத்துழைக்கிறது. பெரும்பகுதி ஒரு கிட்டாரும் ஒரு குரலும்தான். அவற்றின் பின்னால் இசையமைப்பாளர் ஜிம்மி ஹாஸ்கெல் சேர்த்த தந்திக் கருவிகள் சன்னமாக அசைந்துகொண்டிருக்கின்றன. தனிப் பல்லவி என்று ஒன்று கிடையாது. ஐந்து பத்திகளும் ஒரே மெட்டில் வந்து, ஒவ்வொன்றும் பாலத்திலேயே போய் நிற்கின்றன. ஜென்ட்ரி எந்த இடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. ரொட்டி கேட்கும் வரியையும் சாவைச் சொல்லும் வரியையும் ஒரே தணிந்த தொனியில் பாடுகிறார். முதலில் இசைத்தட்டின் மறுபக்கத்துக்கென்று ஒதுக்கப்பட்ட பாடல் இது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தபோது, அந்த இடத்திலிருந்து இது கீழே இறக்கியது அன்பு ஒன்றே போதும் என்று பாடிய பீட்டில்ஸ் குழுவின் பாடலை. இந்தப் பொருத்தம் தற்செயல்தான். ஆனாலும், ஒருவர் மேல் ஒருவர் அன்பு வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது எப்படிப் போதாமல் போகிறது என்று சொல்லும் பாடல் அந்த இடத்துக்கு வந்ததை நினைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

டாலஹாச்சி ஆற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1955 ஆகஸ்டில், மனி என்ற சிற்றூருக்கு அருகில், எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை இரவில் வீடு புகுந்து கடத்திக் கொன்றார்கள். அவனுடைய உடல் கிடைத்தது இந்த ஆற்றில்தான். கொலை செய்தவர்களை நீதிமன்றம் விடுவித்தது. பாடலில் வரும் பாலம் என்று பலரும் கருதும் பாலமும் மனிக்கு அருகில்தான் இருந்தது. 1972இல் அது எரிந்து விழுந்தது. பாடல் அந்தக் கொலையைப் பற்றியது என்று சொல்ல வரிகளில் எந்த ஆதாரமும் இல்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பாடல் வெளிவந்தபோது அந்தக் கொலைக்குப் பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆற்றின் பெயரைக் கேட்டதும் நடுங்கியவர்கள் இருந்திருப்பார்கள். அந்தப் பகுதியில் எத்தனையோ வீடுகளின் மேசைகளில் 1955இலும் சேதி சொல்லப்பட்டிருக்கும், பிறகு பேச்சு பருத்திக்கும் உழவுக்கும் திரும்பியிருக்கும் என்ற எண்ணத்தை என்னால் தவிர்க்க முடிவதில்லை.

கடைசிப் பத்திக்கு வருகிறேன். நான் படித்த விளக்கங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன. ஓராண்டு ஆயிற்று. அண்ணன் பெக்கி தாம்சனை மணந்துகொண்டு டூப்பலோ நகரில் ஒரு கடை வாங்கிவிட்டான். ஒரு நோய் பரவியது, அப்பாவுக்கும் வந்தது, போன வசந்தத்தில் இறந்துவிட்டார். அம்மாவுக்கு இப்போது எதிலும் மனம் செல்வதில்லை. கதை சொல்பவளோ சாக்டா மேட்டில் பூப்பறித்துப் பாலத்திலிருந்து சேற்று நீரில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதை யார் சொல்கிறார்கள், எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். திருமணம், கடை, நோய், சாவு எல்லாமே ஒரே மூச்சில் வருகின்றன. அப்பாவின் மரணத்துக்கு அவள் தருவது அரை வரி. ஓராண்டுக்கு முன்னால் ரொட்டிக்கும் உழவுக்கும் நடுவில் பில்லி ஜோவின் சாவை அப்பா எப்படி வைத்தாரோ, அதேபோல அண்ணனின் கடைக்குப் பக்கத்தில் அப்பாவின் சாவை மகள் வைக்கிறாள். அம்மா கணவனை இழந்து எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறாள். மகள் சாப்பாட்டைத் தொடாமல் இருந்தாளே, அதே நிலைதான் இது. அன்றைக்கு அம்மாவாவது உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். இன்றைக்கு மகள் கேட்டதாகப் பாடலில் இல்லை. அவள் பறிக்கும் பூக்கள் அத்தனையும் ஆற்றுக்குப் போகின்றன. அப்பாவின் கல்லறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தாயும் மகளும் ஒரே இழப்பை அனுபவித்தும் ஒருவர் துக்கத்தை மற்றவர் அறியாமலே இருக்கிறார்கள் என்று ஜென்ட்ரியும் சொல்லியிருக்கிறார். நான் அதற்கு மேலும் ஒரு படி போவேன். அந்த மேசையில் காயப்பட்டவளே அந்த மேசையின் பேச்சுமுறையைக் கற்றுக்கொண்டுவிட்டாள், அதே முறையில் இப்போது நம்மிடம் பேசுகிறாள். அவளைப் பாவம் என்று மட்டும் பார்க்கும் விளக்கங்கள் எனக்குப் போதவில்லை. அவளுக்கு நேர்ந்ததையும் அவள் செய்வதையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது பாடல், அப்படிப் பார்ப்பதால் அவள் மேல் எனக்கு இருக்கும் பரிவு குறையவில்லை.

இந்தப் பாடலைத் தங்கள் வாழ்நாள் பாடலாகச் சொல்லும் நண்பர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்திருக்கிறேன். பாலத்திலிருந்து எறிந்தது என்ன என்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஓர் ஊகம் இருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா என்ன ஆனார் என்று கேட்டால் பலருக்கு நினைவில்லை.